இறால் சாப்பிட்டு மகனுக்கு மூச்சு முட்டிருச்சு, இப்ப தினமும் ஸ்டீராய்டு பம்ப் அடிக்கச் சொல்றாங்க, அடிக்கலாமா?

பாயான்பாரு_அம்மா:

வணக்கம் எல்லாருக்கும். கொஞ்சம் நீளமா இருக்கும், மன்னிச்சிடுங்க, மூணு நாளா தூக்கமே இல்ல.

என் மகனுக்கு 9 வயசு, 26 கிலோ. 3 வயசுலேர்ந்து இழுப்பு இருக்கு. நீல கலர் பம்ப் (வெண்டோலின்தான்) எப்பவும் வீட்ல இருக்கும், இழுத்தா ரெண்டு அடிச்சா சரியாப் போயிரும், ரொம்ப முடியலன்னா கிளினிக்ல போய் கேஸ் (மருந்த ஆவியாக்கி மாஸ்க்ல இழுக்க வைக்கிறது) வச்சுட்டு வருவோம், இப்படியே ஓடிக்கிட்டு இருந்துச்சு. ராத்திரி இருமல் வாரத்துக்கு ரெண்டு மூணு தடவ வரும், காலைல எழுந்தா பத்து தும்மல், அதெல்லாம் அவன் அப்பாவுக்கும் இருக்குன்னு நாங்க பெருசா எடுத்துக்கல.

போன ஞாயிறு சாயந்தரம் நாத்தனார் வீட்ல புதுவீடு விசேஷம். மீ கோரெங் நூடுல்ஸ்ல இறால் போட்டிருந்தாங்க. முன்னாடி ரெண்டு தடவ இறால் சாப்பிட்டப்ப "வாய் அரிக்குதும்மா"ன்னு சொல்லிருக்கான், நான்தான் மசாலா காரம்னு நெனச்சேன். இந்த தடவ பத்து நிமிஷம் கூட இல்ல, உதடு வீங்கி, வயிறெல்லாம் தடிப்பு தடிப்பா, ஒரு வாந்தி, அப்புறம் இருமல் நிக்கவே இல்ல. மாமி மருந்து எண்ணெய் தேய்ச்சாங்க, நான் பம்ப் ரெண்டு அடிச்சேன். அவங்க பிளாட்ல லிஃப்ட் ரிப்பேர், நாலு மாடி நடந்து இறங்கினான். பக்கத்துல ஒரு பிரைவேட் கிளினிக்ல பின்னாடி ஒரு ஊசி போட்டு, கேஸ் வச்சு, தடிப்பு அடங்கினதும் மருந்து குடுத்து வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. எல்லாம் முடிஞ்சுதுன்னு பார்த்தா ராத்திரி 11 மணிக்கு மறுபடி, இந்த தடவ தடிப்பு கம்மி ஆனா மூச்சு சுத்தமா இழுக்க முடியல. எமர்ஜென்சிக்கு ஓடினோம், தொடையில ஊசி போட்டாங்க (அட்ரினலினாம்), அஞ்சு நிமிஷத்துல முகத்துக்கு கலர் வந்துச்சு. ஒரு ராத்திரி வார்டுல வச்சிருந்தாங்க.

அங்க டாக்டர் கேட்டாரு வருஷத்துக்கு எத்தன நீல பம்ப் காலியாகுதுன்னு. ரெண்டு மாசத்துக்கு ஒண்ணுன்னு சொன்னேன். அவர் முகம் மாறிருச்சு. இப்ப பிரவுன் கலர் பம்ப் குடுத்து காலைல ராத்திரி தினமும் அடிக்கச் சொல்லிட்டாரு, நல்லா இருந்தாலும் நிறுத்தக் கூடாதாம். மாமியார் அது ஸ்டீராய்டு, பையன் வளரவே மாட்டான், எலும்பு போயிரும்னு ஒரே சண்டை. வீட்டுக்காரர் சொல்றாரு இறால்தானே பிரச்சனை, இறாலை நிறுத்திட்டா போதும், பம்ப் எதுக்குன்னு. எனக்கும் பதில் சொல்லத் தெரியல. அந்த தொடை ஊசிய வீட்ல வச்சிக்க முடியுமா? பள்ளிக்கூடத்துல என்ன சொல்றது? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

---

கெப்போங்_அண்ணன்:

தங்கச்சி, நான் டாக்டர் இல்ல, 41 வருஷமா இழுப்போட குடும்பம் நடத்துறவன், அவ்ளோதான் தகுதி 😅

நீல பம்ப் பத்தி நான் சொல்றேன் கேளுங்க. எனக்கு அது பாக்கெட்ல இருந்தா ஒரு தைரியம். சாவி, பர்ஸ், போன், பம்ப். மாசத்துக்கு ஒண்ணு காலி பண்ணுவேன், கிளினிக்ல லேட்டாச்சுன்னா பார்மசில காசு குடுத்து வாங்குவேன், எவனும் ஏன்னு கேட்டதில்ல. 2015 ஜெரெபு (புகைமூட்டம்) ஞாபகம் இருக்கா, கோலாலம்பூர்ல பள்ளிக்கூடம் எல்லாம் மூடினாங்களே. அந்த வாரம் நான் வேலைக்குப் போய்கிட்டுதான் இருந்தேன், ஒரு நாள் 20 பஃப்புக்கு மேல அடிச்சிருப்பேன், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் திறக்கும், மறுபடி மூடும். கடைசில லாரிய ரோட்டோரம் நிறுத்திட்டு பேச்சு வராம கண்ணாடிய தட்டிக்கிட்டு இருந்தேன், யாரோ ஒரு மலாய்க்கார தம்பிதான் ஆஸ்பத்திரில கொண்டு சேர்த்தான். வார்டுல பெரிய டாக்டரம்மா சொன்னது இன்னும் காதுல இருக்கு, "கூரை ஒழுகுது, நீங்க கூரைய அடைக்காம வாளி மாத்தி மாத்தி வச்சிக்கிட்டு இருக்கீங்க"ன்னு. நீல பம்ப் சுருங்கின குழாய கொஞ்ச நேரம் விரிக்கும். உள்ள இருக்கற வீக்கம் அப்படியேதான் இருக்கும். வீக்கத்த குறைக்கிறது அந்த இன்னொரு பம்ப்.

அப்புறம் 2019ல உலக அளவுல ஆஸ்துமாவுக்கு வழிகாட்டி எழுதுற ஜினா குழு, பெரியவங்களுக்கு வெறும் நீல பம்ப் மட்டும் குடுத்து வைத்தியம் பண்ணாதீங்கன்னே மாத்திட்டாங்க. எனக்கும் ரெண்டு மருந்தும் சேர்ந்த ஒரே பம்ப்பா மாத்தினாங்க. பினாங்கு தண்ணிமலை முருகன் கோயில் படி ஏறினேன் தைப்பூசத்துல, ரெண்டு தடவதான் நின்னேன், அதுவும் மோர் குடிக்க.

ஒண்ணு கேக்கணும், பம்ப்ல மருந்து இருக்கா இல்லையான்னு எப்படி பாக்குறீங்க? நான் வருஷக்கணக்கா வாளித் தண்ணில டின்ன மிதக்க விட்டுப் பார்ப்பேன். அது தப்பாம். மருந்து தீர்ந்தாலும் கேஸ் மட்டும் புஸ்ஸுனு வருமாம். எத்தன நாள் வெறும் காத்த இழுத்தேனோ ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

---

பட்டர்வொர்த்_பெரியம்மா:

பிள்ளைக்கு கற்பூரவல்லி இலை சாறு தேன்ல குடுங்கம்மா. தூதுவளை ரசம் நல்லது. இங்கிலீஷ் மருந்து பழகிட்டா விட முடியாது. எங்க அண்ணன் மகனை ஜூன் மாசம் ஐதராபாத் கூட்டிட்டுப் போய் உயிர் மீன் வாயில மருந்து வச்சு முழுங்க வச்சோம், மூணு வருஷம் இழுப்பே இல்ல. வெள்ளிக்கிழமை தவறாம வீட்ல சாம்பிராணி போடுங்க, காத்து சுத்தமாகும்.

---

மிஸ்ஸி_செந்தூல்:

பெரியம்மா கோவிச்சுக்காதீங்க, ரசம் வைங்க நானும் வைப்பேன், ஆனா சாம்பிராணி மட்டும் வேணாம் சாமி. சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவர்த்திச் சுருள், அப்பா தாத்தா சிகரெட், இந்த நாலும்தான் எங்க கிளினிக்ல இழுப்பு பிள்ளைங்க வீட்டுக் கதையில திரும்பத் திரும்ப வருது. சாமிக்குப் போடணும்னா வெளிய வாசல்ல வச்சு, புகை அடங்கினதும் பிள்ளைய வரச் சொல்லுங்க.

நான் கிளினிக் கெசிஹாத்தான்ல (அரசாங்க சுகாதார கிளினிக்) ஆஸ்துமா ரூம்ல ரொம்ப வருஷம் மிஸ்ஸியா (நர்ஸா) இருந்தவ. பாயான்பாரு அம்மா, முதல்ல ஒரு கேள்வி, பம்ப்ப நேரா வாயில வச்சா அடிக்கிறான்? ஸ்பேசர் (பம்ப்ல மாட்டற பிளாஸ்டிக் குழாய்) இருக்கா? நேரா அடிச்சா மருந்துல பாதிக்கு மேல நாக்குலயும் தொண்டையிலயும்தான் ஒட்டும், பிள்ளைங்களுக்கு அழுத்துறதும் இழுக்கறதும் ஒண்ணா வராது. நான் பாத்த அம்மாங்க பலபேரு "மருந்து கேக்கல மிஸ்ஸி"ன்னு வருவாங்க, எனக்கு முன்னாடி அடிச்சுக் காட்டுன்னா பிள்ளை பம்ப்புக்குள்ள ஊதும்! உள்ள இழுக்கறதுக்குப் பதிலா கேக்ல மெழுகுவர்த்தி அணைக்கிற மாதிரி.

முறை இதுதான். நல்லா குலுக்கணும். ஸ்பேசர்ல மாட்டி, உதடு இறுக்கமா மூடி, ஒரே ஒரு பஃப் அழுத்தி, சாதாரணமா அஞ்சு ஆறு மூச்சு உள்ள வெளிய. அரை நிமிஷம் விட்டு மறுபடி குலுக்கி அடுத்த பஃப். ரெண்டு பஃப்ப ஒண்ணா அழுத்திட்டு இழுக்காதீங்க, மருந்து ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து ஸ்பேசர்லயே தங்கிரும். பிரவுன் பம்ப் அடிச்சதும் வாய் கொப்பளிச்சு துப்பணும், இல்லன்னா நாக்குல வெள்ளையா பூஞ்சை வரும், தொண்டை கம்மும். நான் எல்லாருக்கும் சொல்றது, பம்ப்ப பல்லு தேய்க்கற பிரஷ் பக்கத்துல வைங்க. பம்ப், பிரஷ், கொப்பளி, முடிஞ்சுது, மறக்கவும் மறக்காது.

ஸ்பேசர வாரம் ஒரு தடவ பாத்திரம் கழுவற சோப்பு கலந்த வெதுவெதுப்பான தண்ணில ஊற வச்சு எடுத்து அப்படியே காய விடுங்க. துணி வச்சு துடைக்காதீங்க, துடைச்சா பிளாஸ்டிக்ல கரண்ட் மாதிரி ஒரு இழுப்பு வந்து மருந்தெல்லாம் சுவர்ல ஒட்டிக்கும். வெளியூர்ல ஸ்பேசர் இல்லாம மாட்டிக்கிட்டா 500 மில்லி தண்ணி பாட்டில் அடியில பம்ப் வாய் அளவுக்கு ஓட்டை போட்டு யூஸ் பண்ணலாம், சும்மா சொல்லல, ஆராய்ச்சி பண்ணிப் பாத்த விஷயம்.

கெப்போங் அண்ணே கேட்ட கணக்கு: ஒரு நீல டின்ல 200 பஃப். மீட்டர் இல்லாத பம்ப்னா காலண்டர்ல கோடு போடுங்க. வருஷத்துக்கு மூணு டின் ஆனாலே பெரிய அட்டாக் வர்ற வாய்ப்பு ஏறுது, மாசம் ஒண்ணுன்னா உயிருக்கே ஆபத்து, ஜினா வழிகாட்டிலயே இருக்கு. உங்க மகன் வருஷத்துக்கு ஆறு. டாக்டர் முகம் மாறினது அதுக்குத்தான் தங்கச்சி.

---

ஆயிர்ஈத்தாம்_டாக்டர்:

நான் அரசாங்க கிளினிக்ல குடும்ப மருத்துவம் பாக்குறவன். பேரு வேணாம். பொதுவா சொல்றேன், உங்க பையன நேர்ல பாத்த டாக்டர் சொல்றதுதான் கடைசி வார்த்தை.

முதல்ல உங்க வீட்டுக்காரர் கேள்வி, ஏன்னா அதுதான் முக்கியமானது. இறாலும் இழுப்பும் வேற வேற பிரச்சனை இல்ல. சாப்பாட்டு அலர்ஜில பிள்ளைங்க இறந்துபோன கேஸ்கள எடுத்துப் பாத்தா பெரும்பாலும் ஆஸ்துமாவும் இருந்திருக்கும், அதுவும் கட்டுப்பாட்டுல இல்லாத ஆஸ்துமா. ஏற்கெனவே வீங்கி சுருங்கி இருக்கற மூச்சுக்குழாய்ல இன்னொரு அடி விழுந்தா தாங்காது. தினமும் பிரவுன் பம்ப் அடிக்கிறது அடுத்த தடவ தெரியாம ஒரு துண்டு இறால் உள்ள போனா அவன் தாங்கறதுக்கும் சேர்த்துத்தான். வாரத்துக்கு ரெண்டு மூணு ராத்திரி இருமல்ன்னு நீங்களே எழுதிருக்கீங்க, அது இறால் சாப்பிட்டு வந்ததில்லையே. கடைசி நாலு வாரத்துல பகல்ல வாரம் ரெண்டு தடவைக்கு மேல இழுப்பு, ராத்திரி முழிப்பு, நீல பம்ப் வாரம் ரெண்டு தடவைக்கு மேல, ஓடி விளையாட முடியாம உக்காந்தது, இந்த நாலுல மூணு இருந்தாலே கட்டுப்பாடு இல்லன்னுதான் நாங்க எழுதுவோம்.

பாட்டிக்கு பதில். வளர்ச்சி பயம் முழுக்க பொய்ன்னு சொல்ல மாட்டேன். தினமும் இழுக்கற ஸ்டீராய்டுல முதல் வருஷம் அரை சென்டிமீட்டர் கிட்ட வளர்ச்சி குறையலாம், பெரியவனானதும் ஒரு சென்டிமீட்டர் அளவு வித்தியாசம் இருக்கலாம், வருஷா வருஷம் கூடிக்கிட்டே போறதில்ல. அதனாலதான் மூணு மாசம் நல்லா இருந்தா டோஸ குறைச்சுப் பாப்போம், வர்றப்பெல்லாம் உயரம் அளப்போம். அட்டாக் வந்து எமர்ஜென்சிக்குப் போனா குடுக்கற ப்ரெட்னிசோலோன் மாத்திரையும் ஸ்டீராய்டுதான் பாட்டி, 26 கிலோ பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 26 மில்லிகிராம் குறையாது, அது உடம்பு முழுக்கப் போகும். பம்ப்ல இருக்கறது மைக்ரோகிராம் கணக்கு. ரெண்டும் வேற மருந்து, நேரா ஒப்பிடக்கூடாது, ஆனா எதுக்குப் பயப்படணும்னு ஒரு அளவு தெரியும்ல. அட்டாக்கும் தூக்கமில்லாத ராத்திரியும்கூட வளர்ச்சியக் கெடுக்கும்.

இப்ப அந்த ஞாயிறு. நீங்க எழுதினதுல ரெண்டு இடத்துல எனக்கு வயித்தக் கலக்கிருச்சு.

ஒண்ணு, நாலு மாடி நடந்து இறங்கினான்னு சொன்னது. கடுமையான அலர்ஜில ரத்த அழுத்தம் திடீர்னு இறங்கும், அந்த நேரம் எழுந்து நின்னா நடந்தா இதயத்துக்கு ரத்தம் திரும்பாம நின்னுரும். படுக்க வச்சு கால தூக்கி வைக்கணும். மூச்சு முட்டி படுக்க முடியலன்னா கால நீட்டி உக்கார வைக்கலாம், வாந்தின்னா ஒருக்களிச்சு. நடக்கவே விடக்கூடாது, தூக்கித்தான் போகணும். முடிஞ்சா 999 அடிச்சு ஆம்புலன்ஸ அங்கேயே வரச் சொல்லுங்க, மலாய்ல "அலெர்ஜி தெருக், செசாக் நாபாஸ்" (கடுமையான அலர்ஜி, மூச்சுத் திணறல்)ன்னு முதல் வாக்கியத்துலயே சொல்லிடுங்க, அட்ரெஸ் அப்புறம் அவங்களே கேப்பாங்க.

ரெண்டாவது, முதல் கிளினிக்ல போட்ட ஊசி. என்ன மருந்துன்னு எனக்குத் தெரியாது, பின்னாடி போட்டாங்க தடிப்பு அடங்குச்சுன்னா பெரும்பாலும் பிரிடான் மாதிரி அரிப்பு மருந்தா இருக்கும். அது தோலுக்கு நல்லது. மூச்சுக்குழாய் வீக்கத்தையும் ரத்த அழுத்தத்தையும் அது தொடாது. தடிப்பு கூட வாந்தியும் இருமலும் சேர்ந்தா அது அனாபிலாக்ஸிஸ் (உயிருக்கே ஆபத்தான கடுமையான அலர்ஜி), அதுக்கு முதல் மருந்து அட்ரினலின் மட்டும்தான், தொடையோட வெளிப்பக்கம் நடுவுல, தசைக்குள்ள, கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். உங்க பையனுக்கு கால் மில்லிகிராம் சொச்சம். அஞ்சு நிமிஷத்துல தெளியலன்னா மறுபடி ஒண்ணு. கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், கொஞ்ச நேரத்துல அடங்கிரும். இந்த ஆம்புல் பெரிய விலை கிடையாது, டாக்டருங்க சிலரு தயங்கறது மருந்து இல்லாம இல்ல, பயத்துல. தோல்ல ஒண்ணுமே இல்லாமலும் இது வரும், பத்துல ஒருத்தருக்காவது அப்படித்தான், அதனால "தடிப்பு இல்லையே"ன்னு காத்திருக்காதீங்க.

அப்புறம் ராத்திரி 11 மணிக்கு திரும்ப வந்தது. சில பேருக்கு முதல் அலை அடங்கி பல மணி நேரம் கழிச்சு ரெண்டாவது அலை வரும், அட்ரினலின் லேட்டானா இந்த வாய்ப்பு கூடும். அதனாலதான் ஊசி போட்டு நல்லாயிட்டாலும் ஆஸ்பத்திரில பல மணி நேரம் வச்சுப் பாக்குறது, ஆஸ்துமா பிள்ளைன்னா இன்னும் கூட.

வீட்ல வச்சிக்கற ஊசி: தானா குத்துற பேனா மாதிரி இருக்கு, ஆனா நம்ம மலேசியாவுல எல்லா இடத்துலயும் சுலபமா கிடைக்காது, விலையும் ஜாஸ்தி, ஒரு வருஷம் சொச்சத்துல எக்ஸ்பயரி ஆயிரும். கார்ல வச்சா வெயில்ல கெட்டுரும், பிரிட்ஜ்லயும் வைக்கக்கூடாது. குழந்தை அலர்ஜி டாக்டர்கிட்ட ரெபரல் கேளுங்க, பேனா கிடைக்கலன்னா சிரிஞ்ச் வச்சு எப்படிப் போடறதுன்னு அம்மா அப்பாவுக்கு கத்துக் குடுக்கறவங்களும் இருக்காங்க, அத நேர்ல கத்துக்கணும், யூடியூப் வேணாம். திடீர்னு இழுக்குது, சாப்பாடா ஆஸ்துமாவான்னு தெரியலன்னா அட்ரினலின் முதல்ல, நீல பம்ப் அப்புறம்.

டெஸ்ட்: இறாலுக்கும் தூசிப் பூச்சிக்கும் தோல்ல குத்திப் பாக்கற டெஸ்டோ, ரத்தத்துல ஐஜிஇ (அலர்ஜிய உண்டாக்கற எதிர்ப்புப் புரதம்) டெஸ்டோ போதும். நூறு சாப்பாட்டு லிஸ்ட் போட்டு ஐஜிஜின்னு வேற ஒரு எதிர்ப்புப் புரதத்த பாக்குறேன், தலைமுடிய அனுப்புன்னு விக்கறவங்க கிட்ட காச குடுக்காதீங்க. தோல் டெஸ்ட்டுக்கு ஒரு வாரம் முன்னாடி அரிப்பு மருந்த நிறுத்தச் சொல்லுவாங்க, பிரவுன் பம்ப்ப நிறுத்த வேண்டியதில்ல. இறால் தசையில இருக்கற ட்ரோபோமயோசின்னு ஒரு புரதம், கிட்டத்தட்ட அதே புரதம் வீட்டுத்தூசிப் பூச்சிலயும் கரப்பான்பூச்சிலயும் இருக்கு. காலைல பத்து தும்மல், ராத்திரி இருமல், இறால்ல வாய் அரிப்பு, எல்லாம் ஒரே வேர்லேர்ந்து வந்ததா இருக்கலாம். மூக்கையும் சேர்த்துப் பாக்கச் சொல்லுங்க. மெத்தை விரிப்ப வாரம் ஒரு தடவ 60 டிகிரி சுடுதண்ணில துவைங்க, பஞ்சுத் தலகாணி இருந்தா மாத்துங்க, ஃபேன் றெக்கைய பாத்தீங்களா எப்பவாச்சும்?

பெரியம்மா, மீன் அலர்ஜி புரதம் வேற, இறால் ஒத்துக்காதவன் மீன் சாப்பிடலாம். உயிரோட முழுங்கறத நான் சிபாரிசு பண்ணல.

---

ஜெலுத்தோங்_மச்சான்:

டாக்டர் எல்லாம் சொல்லிட்டாரு, சாப்பாட்டு ஏரியா மட்டும் நான். எனக்கு இறால் ஆகாது, பினாங்குல பொறந்து இறால் ஆகாதுன்னா அது பூர்வ ஜென்ம பாவம் லா.

இறாலைத் தள்ளி வச்சா போதும்னு நெனைக்காதீங்க, அது வேற பேர்ல வரும். பெலாச்சான் (இறால் விழுது), சிஞ்சாலோக் (புளிக்க வச்ச குட்டி இறால்), ரோஜாக்ல ஊத்துற கருப்பு ஹேகோ (அதுவும் இறால் விழுது), அசாம் லக்சா மேல ஒரு கரண்டி ஊத்துவாங்களே அதேதான். கங்கோங் பெலாச்சான், நாசி லெமாக் சம்பால், குரோப்போக், பசெம்போர் வடை. சார் குவே தியாவ்ல "இறால் வேணாம் அங்கிள்"னு சொன்னா எடுத்துட்டு அதே சட்டியில பெரட்டுவாரு, சூட்டுல அந்த புரதம் அழியாது. நாசி கண்டார்ல கோழி மட்டும்னு கேட்டுட்டு குழம்ப பஞ்சிர்னு (எல்லா குழம்பும் கலந்து ஊத்தச் சொல்லி) சொன்னீங்கன்னா நாலு சட்டி குழம்பும் ஒரே கரண்டிதான், எனக்கு 2 தடவ அப்படித்தான் மாட்டுச்சு. ஒரே சட்டி குழம்பு, புது கரண்டின்னு கேளுங்க, மொறைப்பாங்க, மொறைக்கட்டும்.

பள்ளிக்கூடத்துக்கு: போட்டோ ஒட்டின ஒரே பக்கம், மலாய்லயும் தமிழ்லயும். எச்எம், கிளாஸ் டீச்சர், கண்டின் அக்கா மூணு பேர் கையிலயும் குடுங்க. கண்டின் அக்காதான் முக்கியம், சம்பால் அவங்க கையில.

---

பாயான்பாரு_அம்மா:

எல்லாருக்கும் நன்றி, படிச்சு ரெண்டு தடவ அழுதுட்டேன். அந்த நாலு மாடி விஷயத்த வீட்டுக்காரருக்கு காட்டினேன், ஒண்ணும் பேசல, அடுத்த நாள் அவரே லீவு போட்டு கிளினிக் கெசிஹாத்தான் கூட்டிட்டுப் போனாரு. ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டிட்டு ரெண்டு மணி நேரம் உக்காந்தோம். மிஸ்ஸி சொன்னது அப்படியே, பையன் பம்ப்புக்குள்ள ஊதிக்கிட்டுதான் இருந்திருக்கான், ஆறு வருஷமா! நான் பக்கத்துல நின்னு பாத்தும் தெரியல. ஸ்பேசர் வாங்கியாச்சு, அட்டாக் வந்தா என்ன பண்ணணும்னு பச்சை மஞ்சள் சிவப்பு போட்ட ஒரு தாளும் குடுத்தாங்க, பிரிட்ஜ்ல ஒட்டிருக்கேன். ரெபரல் லெட்டர் வந்துருச்சு, தேதி இன்னும் வரல.

மாமியார் பிரவுன் பம்ப்புக்கு இன்னும் முழு மனசா சரின்னு சொல்லல. ஆனா ஒரு சென்டிமீட்டர் கணக்க கேட்டதுலேர்ந்து கதவு நிலையில பென்சில்ல அவன் உயரத்த கோடு போட்டு வச்சிருக்காங்க, மாசா மாசம் பாப்பாங்களாம். சாம்பிராணி தட்டு இந்த வெள்ளிக்கிழமை வாசலுக்குப் போயிருச்சு.

மிஸ்ஸி அக்கா ஒரு சந்தேகம், புது ஸ்பேசர நேத்து கழுவிட்டு பழக்கதோஷத்துல துண்டால நல்லா துடைச்சிட்டேன். மறுபடி கழுவணுமா?

---

மிஸ்ஸி_செந்தூல்:

ஆமா, சோப்புத் தண்ணில முக்கி எடுத்து அப்படியே நிமித்தி வைங்க. துண்ட தூக்கி தூர வைங்க 😄